அரக்குத் தட்டைத் தேடி மைசூருக்கு

செட்டிகுளம்

எங்கள் ஊர் ஸ்ரேசன் மேடையில் நின்று பார்த்தால் தண்டவாளம் மடுப்பக்கம் நேராக ஓடி வெயிலில் கரைந்துபோகும். அந்தத் திசையில் தலைமன்னார், அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் தனுஷ்கோடி. 1914 தொடங்கி ஐம்பது வருசம், கொழும்பில் ஏறின ஆள் இந்தப் பாதையால் போய், தலைமன்னாரில் கப்பலேறி, அக்கரையில் மறுபடி ரயிலேறிச் சென்னையில் இறங்கலாம். போட் மெயில் என்பார்கள். என் அம்மாவின் தகப்பன், எங்கள் அப்பு, மதுரையில் வாங்கிய ஹார்மோனியத்தை அந்த வழியால்தான் ஊருக்குக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் என்ன என்று கேட்ட சுங்கக்காரருக்கு அங்கேயே உட்கார்ந்து ஒரு சிந்து வாசித்துக் காட்டினாராம். இந்தக் கதையை அவர் ஒவ்வொரு தடவையும் வேறு சிந்தோடு சொல்லுவார்.

அப்பு காத்தவராயன் கூத்துக்கு அண்ணாவியார். மாசி, பங்குனியில் வயல் ஓய்ந்த பிறகு கோயில் வெளியில் இரவிரவாகக் கூத்து நடக்கும். அவர் ஒரு மூலையில் துருத்தியை அமத்திக்கொண்டு, கண்ணாலேயே காத்தானையும் ஆரியமாலையையும் மேடைக்கு ஏற்றி இறக்குவார்.

நான் மைசூருக்குப் போகக் காரணமானவள் ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகள். பியானோ படிக்கிறாள். போன வருசம் ஒருநாள் தொலைபேசியில், "மாமா, நான் இந்தமுறை சோதினைக்கு மெட்னர் எண்ட ரஷ்யன்ரை ஒரு சின்னத் துண்டு வாசிக்கிறன். அந்தாளின்ரை பெரிய கொன்சேர்ட்டோ மூண்டையும் றெக்கோட் பண்ணக் காசு குடுத்தது ஆர் தெரியுமோ? மைசூர் மகாராசா!" என்றாள்.

எனக்கு அது பிடிபடவில்லை. ரஷ்யாக்காரன் எழுதின இசை, இலண்டனில் ஒலிப்பதிவு, காசு மட்டும் சாமுண்டி மலையடிவாரத்தில் இருந்து. அந்த ஊரை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றே விழுந்துவிட்டது.

புறப்பட முதல் அப்புவின் கடைசிச் சிஷ்யரைப் பார்க்கப் போனேன். அவரும் இப்போது அண்ணாவியார்தான். எண்பது தாண்டிவிட்டது. இளமையில் ஆரியமாலைக்கு வேசம் கட்டினவர். தாவாரத்தில் இருந்து பாலைப்பழம் தின்றுகொண்டிருந்தார். ஆனி மாதம், காடெல்லாம் பாலை பழுத்துக் கிடந்தது. அதன் பால் உதட்டில் பிசின்போல ஒட்டும். நாலு பழத்துக்குமேல் தின்றவன் வாயைத் திறந்து பேசக் கொஞ்சம் கஷ்டப்படுவான்.

"மைசூரோ?" என்றார் உதட்டைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத் தெரிஞ்ச மைசூர் பருப்புத்தான். மெனிக் பாமிலை இருக்கேக்கை போதும் போதுமெண்டு தந்தாங்கள்."

2009இல் எங்கள் பிரிவின் காட்டை வெட்டி அமைத்த முகாம் அது. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த சனம் லட்சக்கணக்கில் அங்கே அடைபட்டிருந்தது. 2012 புரட்டாதியில்தான் அது முற்றாக மூடப்பட்டது. பிள்ளைகளோடு வன்னிக்குள் இருந்தவர் என்பதால் அண்ணாவியாரும், சொந்த ஊரிலிருந்து சில மைல் தூரத்தில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருக்க நேர்ந்தது. அதைப்பற்றி அவர் சொல்லும் ஒரே விசயம் இந்தப் பருப்புத்தான்.

"பாட்டை எடுத்து வைப்பம் எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன்," என்றேன்.

"மத்தளம் இல்லாமல் என்னத்தைப் பாடுறது? முதல் நீ போட்டு வா."

சென்னை, கிண்டி

சென்னையில் எனக்கு வேலை எதுவும் இல்லை. மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கி, ஆளுநர் மாளிகையின் மதிலோரம் ஒரு சுற்று நடந்தேன். வேம்பும் ஆலும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தன. பக்கத்துக் காட்டுக்குள் மான்கள் இருக்கின்றன என்றார் இளநீர்க்காரர். வெளியே பேருந்துகள் போடும் சத்தத்தில் மான்கள் எப்படி நித்திரை கொள்கின்றனவோ.

நான் தேடிப் போகிற மைசூர் மகாராசா, ஜயசாமராஜேந்திர உடையார், 1964க்கும் 1966க்கும் இடையில் இந்த மதிலுக்குள் மதராஸ் மாநில ஆளுநராக இருந்தவர். அவர் ஆளுநராக வந்த அதே 1964இல்தான், மார்கழி 22 இரவு, புயல் அடித்துத் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து போன பயணிகள் ரயிலை அலை அப்படியே கொண்டுபோயிற்று. அப்பு ஹார்மோனியத்தோடு வந்த வழியின் அக்கரை முனை அந்த இரவோடு இல்லாமல் போய்விட்டது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடி, 1984இல் அதுவும் நின்றது. இந்தப் பக்கம் போர் வந்து எங்கள் தண்டவாளத்தையே காணாமல் ஆக்கியது. 2013இல்தான் மடு வீதிவரை மறுபடி ரயில் வந்தது.

ஒரு ராசாவும் எங்கள் ரயில் பாதையும் இப்படி ஒரு வருசத்தில் சந்தித்துக்கொண்டதை நினைத்தபடி இளநீரைக் குடித்து முடித்தேன்.

மத்தூர்

பெங்களூரில் இருந்து மைசூர் போகும் ரயிலில் மத்தூர் வந்ததும் வண்டி முழுக்க வெங்காய வாசம் ஏறும். மத்தூர் வடை தட்டையாக, உள்ளங்கை அகலம், கடித்தால் தட்டைவடைபோல நொறுங்கும். நடுவில் மாத்திரம் கொஞ்சம் மெது. பருத்தித்துறையில் இருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வடையின் பெரிய தமையன் என்று வைத்துக்கொள்ளலாம்.

யன்னலுக்கு வெளியே கரும்பு, நெல், மறுபடி கரும்பு. வாய்க்காலில் ஆனி மாதத்திலும் தண்ணீர் ஓடியது. கிருஷ்ணராஜசாகர் அணை மறித்த காவிரித் தண்ணீர். எங்கள் பக்கம் ஆனியில் குளம் அடிப்பாகம் தெரிய வற்றி, சேறு வெடித்து, யப்பான் மீனுக்கு வலை வீசுகிற பெடியள் முழங்காலளவு தண்ணீரில் நிற்பார்கள். குளத்தை நம்பின விவசாயிக்கு ஆற்றை நம்பினவனைக் கண்டால் வருகிற பொறாமை எனக்கும் வந்தது. அவனுக்கு என்ன கவலைகளோ.

எதிர் ஆசனத்தில் கோலார் தங்கவயலைச் சேர்ந்த தமிழர் ஒருவர். மூன்று தலைமுறையாகச் சுரங்கத்தில் வேலைசெய்த குடும்பம். கொள்ளுத்தாத்தா வட ஆர்க்காட்டில் இருந்து போனவராம். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர். மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழம். கீழே பாறை கைவைக்க முடியாதபடி சுடும் என்றார். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா அதற்கு முன்பே நெஞ்சில் கல்தூசி ஏறிப் போய்விட்டார்.

"மைசூர் அரண்மனை பார்க்கவா போறீங்க? நல்லா பாருங்க சார். நாங்க தோண்டின தங்கத்துக்கு வெள்ளைக்காரன் கம்பெனி மகாராஜாவுக்கு ராயல்டி கட்டுச்சு. அங்க எரியுற பல்புல பத்துப் பதினஞ்சு எங்க தாத்தாவோடது," என்று சிரித்தார்.

நான் மெட்னர் கதையைச் சொன்னேன். ரஷ்யக்காரரின் பெயர் அவருக்கு நாக்கில் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தப் பாட்டுலயும் எங்களுக்குப் பங்கு இருக்கு," என்றார். எந்தப் பணம் எந்த வாய்க்காலால் போனது என்று கணக்குப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் மைசூர் கஜானாவில் கோலார் தங்கமும் இருந்தது. அவர் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மைசூர், அரண்மனை

பழைய மர அரண்மனை 1897இல் ஒரு கலியாண வீட்டின்போது எரிந்துபோனது. இப்போதிருப்பதை ஹென்றி இர்வின் வரைந்தார், 1912இல் முடிந்தது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தால் அந்தக் கும்மட்டங்கள் உடன்பிறந்தவை என்பது விளங்கும். ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் பற்றின. கூட்டம் "ஓ" என்று கத்தியது. நானும் கத்தினேன். பிறகு பத்துப் பதினைந்து பல்புகளை எண்ணத் தொடங்கி, யாருடையவை என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

உள்ளே போனபோது என் கண் பியானோவைத் தேடியது. நான் நடந்த மண்டபங்களில் அது அகப்படவில்லை. மயில் வரைந்த கண்ணாடிக் கூரை, வெள்ளிக் கதவு, யானைமேல் வைக்கும் தங்க அம்பாரி. 750 கிலோவாம். ஜயசாமராஜேந்திரர் இந்த அம்பாரியில் ஏறித் தசரா ஊர்வலம் போனவர். இப்போது சாமுண்டீஸ்வரியின் திருவுருவம் ஏறுகிறது.

இந்த மனிதர் ராசாவாக இருக்க ஆசைப்பட்டவர் அல்ல. 1919இல் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே பியானோ. மேடையேறும் பியானோக் கலைஞனாக வேண்டும் என்பது கனவு. ரக்மானினோவை வழிபட்டவர். 1940 மார்ச்சில் தகப்பன் இறந்தார். ஆகஸ்டில் பெரியப்பா, ஆட்சியில் இருந்த நால்வடி கிருஷ்ணராஜ உடையார், இறந்தார். செப்டெம்பரில் இருபத்தொரு வயதுப் பையனைச் சிங்காசனத்தில் ஏற்றினார்கள். கனவு பியானோ மூடிக்குள் போயிற்று.

தான் வாசிக்க முடியாமல் போனதை இன்னொருவர் கையால் வாசிக்க வைக்க நினைத்தாரோ என்னவோ. அவர் தேர்ந்தெடுத்த ஆளைப் பாருங்கள். நிக்கலாய் மெட்னர், 1880 தையில் மொஸ்கோவில் பிறந்தவர். 1900இல் அங்குள்ள இசைக் கல்லூரியில் தங்கப் பதக்கம். ரக்மானினோவின் நெருங்கிய நண்பர். ரக்மானினோவ் தன் நாலாவது கொன்சேர்ட்டோவை இவருக்குக் காணிக்கையாக்க, இவர் தன் இரண்டாவதை அவருக்குக் காணிக்கையாக்கினார். 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, 1935இல் இலண்டனில் ஒதுங்கினார். அவர் எழுதிய விதம் அப்போதே பழசாகிவிட்டிருந்தது. உலகம் ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்டுக்கொண்டிருக்க, இவர் போன நூற்றாண்டின் மொழியில், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். போர் வந்ததும் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வந்த காசும் நின்றது. 1942இல் மாரடைப்பு. முதல் கொன்சேர்ட்டோவை எழுதியது முதலாம் உலகப்போரில். மூன்றாவதை முடித்தது 1943இல், அடுத்த போரில். போருக்குள் இருந்து எழுதுகிறவனின் கணக்கு எங்களுக்குத் தெரியும்: நாளைக்கு இருப்போமோ தெரியாது, இன்றைக்கு இந்தப் பக்கத்தை முடிப்போம்.

அந்த ஆளைத் தேடித்தான் மைசூரில் இருந்து செய்தி போனது. 1947இல் இலண்டன் அபி ரோட் கலையகத்தில், ஃபில்ஹார்மோனியா வாத்தியக் குழுவோடு, அறுபத்தேழு வயது மெட்னர் தானே பியானோவில் இருந்து மூன்று கொன்சேர்ட்டோக்களையும் பதிந்தார். முதலாவதை ஜோர்ஜ் வெல்டன் நடத்தினார், மற்ற இரண்டையும் இசாய் டொப்ரோவென். மெட்னர் சங்கம் என்ற பெயரில் எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்டது. பிறகு சொனாட்டாக்கள், பாட்டுகள். எலிசபெத் ஷ்வார்ஸ்கொஃப் பாட, மெட்னர் பியானோ. மூன்றாவது கொன்சேர்ட்டோவின் முகப்பில் மைசூர் மகாராசாவின் பெயர் காணிக்கையாக நிற்கிறது. 1951 கார்த்திகையில் மெட்னர் இறந்தார். நாலு வருசம் பிந்தியிருந்தால் அந்தக் கைகள் இந்தக் கொன்சேர்ட்டோக்களை வாசித்த விதம் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

1947 மைசூருக்கு எப்படிப்பட்ட வருசம் என்பதையும் சொல்லவேண்டும். ஆகஸ்டில் சுதந்திரம். அதன் பிறகும் பொறுப்பாட்சி கேட்டு "மைசூர் சலோ" என்று சனம் தெருவில் இறங்கியது. ஒக்டோபர் 25இல் கே. சி. ரெட்டி முதல்வரானார். வாசலில் குடிகள் கோசம் போட, உள்ளே ராசா இலண்டனுக்குப் பியானோக் காசு அனுப்பிக்கொண்டிருந்தார் என்று ஒருவர் எழுதினால் மறுக்க முடியாது. நான் கோசம் போட்டவர்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். ஆனாலும் அந்தத் தட்டுகள் இருப்பதில் எனக்குச் சந்தோசம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அரண்மனைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தேவராஜா சந்தை

சந்தையில் மல்லிகை முழக்கணக்கில், குங்குமம் கூம்பு கூம்பாக, நஞ்சன்கூட்டு வாழைப்பழம் தார் தாராக. ஒரு தானியக் கடையில் போய் மைசூர் பருப்பு ஒரு கிலோ கேட்டேன். அண்ணாவியாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிரிப்பார். கடைக்காரருக்கு விளங்கவில்லை. சிவப்பு, சின்னது, பொறுக்கென்று அவியும் என்று விளக்கினேன். "ஓ, மசூர்!" என்றார். அது வடக்கே இருந்து வருகிறதாம். ஆக, எங்கள் நாட்டில் தலைமுறையாக மைசூர் பருப்பு என்று தின்றதற்கும் மைசூருக்கும் சம்பந்தமே இல்லை. முகாமில் தின்றதற்கும்தான்.

சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய சாமான் கடை. பூட்டுகள், பித்தளைக் குவளைகள், முகம் பார்க்க முடியாத கண்ணாடிகள். உள்ளே அலுமாரியில் இசைத்தட்டுகள். கடைக்காரருக்கு எழுபத்தைந்து இருக்கும், கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். ஊர் எது என்று கேட்டு, சொன்னதும் முகம் மலர்ந்தது.

"சிலோனா! ரேடியோ சிலோன்! பையனா இருந்தப்ப எங்க வீதியே அதைத்தான் கேட்டுச்சு."

மெட்னர் பெயர் அவர் கேள்விப்பட்டதில்லை. மகாராசாவிடம் பெரிய தட்டு நூலகம் இருந்தது தெரியும். ஃபில்ஹார்மோனியாவைத் தொடங்கிய வால்ட்டர் லெக் மைசூருக்கு வந்து அதைப் பார்த்து அசந்துபோனதை எழுதியிருக்கிறார்: இசைத்தட்டுகள், விதவிதமான ஒலிபெருக்கிகள், பெரிய கச்சேரிப் பியானோக்கள். வருசத்துக்குப் பத்தாயிரம் பவுண் வீதம் மூன்று வருசம் அந்த வாத்தியக் குழுவுக்கு ராசா கொடுக்க ஒப்பினார். 1950 மே 22இல் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நாலு பாட்டுகளும் இலண்டனில் முதல்முதல் அரங்கேறியபோது அந்தச் செலவுக்குப் பொறுப்பு நின்றதும் அவர்தான். கடைக்காரர் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "சௌடையா கேக்கறீங்களா?" என்றார்.

அவர் தட்டை எடுத்த விதத்தை நான் மறக்கமாட்டேன். விரல் நுனி விளிம்பில் மட்டும். உறையிலிருந்து வெளியே இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். வெளிச்சத்தில் சரித்து, ஒரு கீறலை நகத்தால் காட்டி, "இங்க கொஞ்சம் குதிக்கும்," என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். வாங்கிப் பார்த்தேன். கறுப்பு, பாரம், சில்லென்று இருந்தது. அரக்கு, மரத்தில் ஒரு பூச்சி கக்கும் பிசின். உலகம் முழுக்கக் கிராமபோன் தட்டுக்கு வேண்டிய அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காட்டில் இருந்துதான் போனது. மெட்னரின் தட்டிலும் ஏதோ ஒரு குசும மரத்துப் பிசின் இருந்திருக்கும். கை தவறினால் ஓடு உடைவதுபோல உடையும் என்றார்.

சாவி கொடுத்து ஊசியை வைத்தார். எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம், அதற்குப் பின்னால் மைசூர் சௌடையாவின் ஏழு தந்தி வயலின். மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைவரை கேட்கவேண்டும் என்று மூன்று தந்தியைக் கூடப் போட்டவர் அவர். நாலு நிமிசம்கூட ஆகவில்லை, தட்டு முடிந்தது. ராகம் முடியவில்லை. கடைக்காரர் திருப்பிப் போட்டார்.

மெட்னரின் மூன்றாவது கொன்சேர்ட்டோ அரை மணியைத் தாண்டும். அப்படியென்றால் எட்டு ஒன்பது பக்கம். நாடாவை வெட்டி ஒட்டும் வித்தை வருமுன்னர், ஒரு பக்கத்தின் நடுவே விரல் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் முதலில் இருந்து. நெஞ்சுவலிக்காரர் ஒருவரிடம் அப்படி வேலை வாங்கியிருக்கிறார்கள். அவரும் கொடுத்திருக்கிறார்.

கடைக்காரர் தட்டை உறைக்குள் இடும்போது எனக்குச் சொல்லவேண்டும்போல இருந்தது. அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் எண்பதுகளின் தொடக்கத்தில் அப்புவின் கூத்துப் பாட்டை மூன்று கசெற்றில் பதிந்து வைத்திருந்தார். அப்பு இறந்த பிறகு, பதினாலு வயதில், புதுக் கசெற் வாங்கக் காசில்லாமல், அதில் இரண்டின் மேல் நான் இளையராஜா பாட்டுப் பதிந்தேன். அழியாமல் இருக்க அப்பா கசெற்றின் பின்விளிம்பில் இருந்த பிளாஸ்ரிக் துண்டுகளை உடைத்து வைத்திருந்தார். அந்த ஓட்டைகளில் கடதாசியை மடித்துத் திணித்தேன். இப்படிச் செய்தால் திரும்பப் பதியலாம் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் ஒரு நொடி அப்புவின் குரல் மிஞ்சியிருந்தது, ஒரு சொல்லின் கடைசி எழுத்து. மூன்றாவது கசெற் இடப்பெயர்வில் போனது. அதற்குப் போரைக் குற்றம் சொல்லலாம். முதல் இரண்டுக்கும் முடியாது.

கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். நான் வாங்கவில்லை; பயணப்பையில் உடைந்துவிடும்.

மைசூர், விடுதி அறை

அன்றிரவு காதில் மாட்டிக்கொண்டு மூன்றாவதைக் கேட்டேன். மெட்னரின் சொந்தப் பதிவு இப்போது கைத்தொலைபேசியில் கிடைக்கிறது. தொண்ணூறுகளில் டெஸ்ட்டமென்ட் கம்பனி குறுந்தட்டாக மீட்டெடுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஹைப்பீரியன், மறக்கப்பட்ட பியானோ கொன்சேர்ட்டோக்களுக்கென்றே ஒரு வரிசையைத் தொடங்கி, அதன் இரண்டாவது தட்டில் மெட்னரின் இரண்டையும் மூன்றையும் நிக்கலாய் தெமிதென்கோவை வைத்துப் பதிந்தது. ராசா வைத்த உலையில் பிறகு பலர் அரிசி போட்டிருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் முதல்தரம் கேட்டபோது நான் நித்திரையாகிப் போனேன். சந்திரனைப் பார்த்துப் பாடுகிற மாதிரி ரக்மானினோவில் வரும் மெட்டு இதில் கைக்கு வராது. நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது இன்னொரு நூலோடு முடிச்சாகி, நாலு நிமிசம் கழித்து வேறு நிறத்தில் வெளியே வரும். இரண்டாந்தரம் விடிய நாலு மணிக்குக் கேட்டேன். ஆற்றடியில் உறங்கும் வீரனைப் பற்றி நீர்மகள் பாடுவதாக லெர்மொன்தோவ் எழுதிய கவிதை ஒன்று மெட்னரின் மனதில் இருந்ததாம். எங்கள் குளக்கட்டிலும் அப்படி ஒருத்தி உண்டு. மத்தியான நேரத்தில் தனியாகக் குளிக்கப் போகாதே என்று அம்மா சொல்லுவதற்குக் காரணமானவள். அவளை நினைத்துக்கொண்டு கேட்டதும் பாட்டு வழிவிட்டது. மூன்று பகுதியும் நிற்காமல் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன, கூத்தில் ஒரு வரவு முடியமுன் அடுத்தவர் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பதுபோல.

மெட்னர் சின்னத் துண்டுகள் பலவற்றுக்கு "ஸ்காஸ்கா" என்று பெயர் வைத்தார். ரஷ்ய மொழியில் கதை, அதுவும் பாட்டிமார் சொல்லுகிற கதை. மருமகள் சோதினைக்கு வாசித்ததும் அதில் ஒன்றுதான் என்று பிறகு சொன்னாள்.

சாமுண்டி மலை

ஆயிரம் படி என்றார்கள். நந்திவரை எண்ணினேன், பிறகு மூச்சுக்குத்தான் கணக்கு. மேலே நின்று பார்த்தால் மைசூர் ஒரு விரித்த பாய்.

இந்த அம்மன்மேல் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் நூற்றெட்டுக் கீர்த்தனை செய்தார். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர், மைசூர் ஆஸ்தான வித்துவான்; செய்தது கன்னடத்தில். ஜயசாமராஜேந்திரரும் பின்னாளில் வாசுதேவாச்சாரியாரின் துணையோடு கர்நாடக இசைக்குள் இறங்கி, ஸ்ரீவித்யா முத்திரையில் தொண்ணூற்றுச் சொச்சம் சமஸ்கிருதக் கீர்த்தனைகள் எழுதினார். பியானோவை மூடிய கை சும்மா இருக்கவில்லை.

இறங்கும் வழியில் மரப்பொம்மைக் கடையில் அம்பாரி யானை ஒன்று வாங்கினேன். எங்கள் வன்னியிலும் யானைக்கு ஒரு பாட்டு உண்டு. கொம்பன் யானையை ஆண்கள் கட்ட முடியாமல் நிற்க, அரியாத்தை என்ற பெண் போய்க் கட்டிக்கொண்டு வந்த கதை. அவள் பேரில் ஒப்பாரியே இருக்கிறது. அச்சில் இருக்கிறது. மன்னார்ப் பக்கத்து நாடகங்களையும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளில் அச்சேற்றினார். அந்தப் புத்தகங்களைத் திறந்தால் மெட்டின் பெயர் தலைப்பில் இருக்கும். அந்த மெட்டு எப்படிப் போகும் என்று கேட்கப்போனால், ஊரில் இன்னும் உயிரோடிருக்கும் யாரோ ஒரு கிழவரின் தாவாரத்துக்குத்தான் போகவேண்டும்.

மீண்டும் செட்டிகுளம்

பாலைப்பழம் முடிந்துவிட்டிருந்தது. அண்ணாவியாருக்கு மைசூர்ப்பாகு ஒரு பெட்டியும் மரயானையும் கொடுத்தேன். பருப்புக் கதையைச் சொன்னதும் பொக்கை வாய் தெரியச் சிரித்து, மனிசியைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லச் சொன்னார். மைசூர்ப்பாகை விண்டு வாயில் வைத்தார். "நெய். பல்லுத் தேவையில்லை," என்றார்.

மத்தளக்காரர் கிடைக்கவில்லை. மருமகன்பெடியன் ஒருவன் வாங்கிலில் தட்டுவதாக ஒப்புக்கொண்டான். கைத்தொலைபேசியை ஒரு செம்பின்மேல் சாய்த்து வைத்தேன். முதலில் அவருக்கு மெட்னரைக் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். காதைக் கிட்டக் கொண்டுவந்து, கண்ணை மூடி, ஒரு நிமிசம் போலக் கேட்டார். மயில் ஒன்று வேலிக்கு அங்கால் கத்தியது.

"இதிலை பெட்டி வாசிக்கிறவர்தான் அண்ணாவியாரோ?"

"ஓம். அவர்தான் பாட்டும் கட்டினவர்."

"பின்பாட்டு எத்தினை பேர்?"

"அறுபது எழுபது பேர் இருக்கும்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அவ்வளவு பேருக்கும் சோறு ஆர் போட்டது?"

சொன்னேன். ராசாவைச் சொல்லி, கோலார்க்காரரையும் சொன்னேன். அவர் "ம்" என்று கேட்டுக்கொண்டு, செம்புத் தண்ணீரில் ஒரு மிடறு குடிக்க எடுத்தார். தொலைபேசி சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடி நிமிர்த்தி வைத்தேன்.

"மனிசி, சோத்தைப் போடு," என்றார் உள்ளே பார்த்து. "இந்தப் பெடியன் பாட்டு எடுக்க வந்தவன். சாப்பிட்டிட்டுத் துவங்குவம்."